தவறு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்? அரசுக் கண்காணிப்பு குறித்து ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பயங்கரவாதத்தையும் பெருங்குற்றங்களையும் தடுக்க அரசு நம் தொலைபேசி, இணையத் தகவல்களைக் கண்காணிப்பதில் என்ன தவறு? தவறு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்? உயிரே போகும் அபாயம் இருக்கும்போது அந்தரங்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?

அரசு யாரையுமே கண்காணிக்கக் கூடாது என்று நான் வாதிடப் போவதில்லை. கண்காணிப்பு பலன் தந்த இடங்கள் நிறைய உண்டு. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்தது. அதைச் செய்தவர்களைச் சில நாட்களிலேயே அடையாளம் காண ரயில் நிலையக் கேமராப் பதிவுகள் பெரிதும் உதவின. 2021 ஜூனில் இன்னொன்று நடந்தது. 'அனோம்' என்ற ரகசியச் செய்திச் சேவையைப் பல நாட்டுக் குற்றக் கும்பல்கள் காசு கொடுத்து வாங்கி, போதைப்பொருள் கடத்தலையும் கொலைத் திட்டங்களையும் அதில் பேசிக்கொண்டிருந்தன. அதை நடத்தியதே அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்பது கடைசி நாளில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களுடைய அந்தரங்கம் போயிற்றே என்று நான் வருந்தவில்லை.

ஆனால் இந்த இரண்டிலும் எது முதலில் வந்தது என்று பாருங்கள். ஒன்றில் குற்றம் நடந்தது, பிறகு பதிவைப் பார்த்தார்கள். இன்னொன்றில் குற்றக் கும்பல்கள் என்று தெரிந்தவர்களுக்கு வலை விரித்து, பிறகு கேட்டார்கள். சந்தேகம் முன்னால், கண்காணிப்பு பின்னால். கடந்த 25 ஆண்டுகளில் பல அரசுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. முதலில் எல்லோருடைய தகவலையும் சேர்த்து வைப்பது, அதற்குள் தேடிச் சந்தேகத்துக்குரியவரைப் பிறகு கண்டுபிடிப்பது. எனக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான்.

ரயில் நிலையக் கேமராவும் எல்லோரையும்தானே பதிவு செய்கிறது என்று நீங்கள் மடக்கலாம். சரியான மடக்குதான். ஆனால் அந்தப் பதிவு ஒரு நிலையத்துக்குள் நிற்கிறது, குறிப்பிட்ட காலத்தில் அழிகிறது, அதைத் தேட ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதே கேமராவில் முகமறியும் மென்பொருளைச் சேர்த்து, நகரம் முழுக்க இருக்கும் கேமராக்களோடு இணைத்து, பதிவை அழிக்காமலும் வைத்தால், கருவி பழையதாகவே தெரியும், அதிகாரம் முற்றிலும் புதியது.

முன்பெல்லாம் செலவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி என்ற உளவுத்துறை, சுமார் 1.6 கோடி மக்களைக் கவனிக்க, 1989இல் ஏறக்குறைய 91,000 முழுநேர ஊழியர்களையும் அதைப்போல் இரு மடங்கு ரகசியத் தகவலாளிகளையும் வைத்திருந்தது. அவர்கள் சேர்த்த கோப்புகளை வரிசையாக வைத்தால் 111 கிலோமீட்டர் நீளம். ஒருவரைப் பின்தொடர ஆட்கள் முறைவைத்து மாற வேண்டும், ஒருவர் பேச்சைக் கேட்க இன்னொருவர் காதில் கருவியோடு உட்கார வேண்டும். எனவே யாரைக் கவனிப்பது என்று சர்வாதிகார அரசுகூட தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்று நம் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறோம் என்பதைத் தானே தெரிவித்துக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் தேவை போய்விட்டது.

'பேச்சைக் கேட்கவில்லை, அழைப்பு விவரங்களைத்தானே எடுக்கிறோம்' என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார், எங்கே இருந்தார் என்பவை மட்டும். மால்டே ஸ்பிட்ஸ் என்ற ஜெர்மன் பசுமைக் கட்சி அரசியல்வாதி, தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த ஆறு மாதத் தகவலைச் சட்டப்படி போராடி வாங்கினார். 35,830 வரிகள். 2011இல் ஒரு ஜெர்மன் செய்தித்தளம் அதை வரைபடத்தில் ஏற்றி வெளியிட்டது. அவர் எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார், எப்போது விழித்திருந்தார், எந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் எல்லாம் தெரிந்தது. அவர் பேசியதில் ஒரு சொல்கூட அதில் இல்லை. உங்கள் மகள் நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை 40 நிமிடம் அழைத்தாள் என்றால், பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அமெரிக்க உளவு அமைப்புகளான என்.எஸ்.ஏ., சி.ஐ.ஏ. இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு பொது விவாதத்தில், இத்தகைய விவரங்களின் அடிப்படையில் ஆட்களைக் கொல்லவே செய்கிறோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வெறும் விவரம்தானே என்று இனி யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

சரி, அந்தரங்கம் போனாலும் பாதுகாப்பாவது கிடைக்கிறதா? இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் ஒரு கோடிப் பேர், அவர்களில் 100 பேர் பயங்கரவாதிகள் என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் அற்புதமான ஒரு கணினி அமைப்பு இருக்கிறது. அது 100 பேரில் 99 பேரைப் பிடித்துவிடும். கூடவே மீதியுள்ளவர்களில் ஒரு சதவீதத்தினரை, அதாவது கிட்டத்தட்ட ஒரு லட்சம் அப்பாவிகளையும் சுட்டிக்காட்டும். அது சுட்டுகிற ஆயிரம் பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். மென்பொருளை மேம்படுத்தினால் விகிதம் கொஞ்சம் மாறும், ஆனால் அரிதான ஒன்றை எல்லோருக்குள்ளும் தேடினால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகரக் காவலர்கள், முகமறியும் மென்பொருள் தவறாகக் காட்டிய ஒருவரை அவருடைய வீட்டு வாசலில், மனைவியும் பிள்ளைகளும் பார்க்கக் கைது செய்து சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். மென்பொருள் காட்டுவதை மட்டும் வைத்துக் கைது செய்ய மாட்டோம் என்று அந்தக் காவல்துறை ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.

கணக்கு வெறும் ஏட்டுக் கணக்காகவும் நிற்கவில்லை. 2013 ஜூனில் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால், அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை என்.எஸ்.ஏ. நாள்தோறும் மொத்தமாக வாங்குவது வெளியே வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலைச் சேர்க்கிறீர்களா என்று செனட் குழு கேட்டபோது, உளவுத்துறைகளின் தேசிய இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் 'இல்லை' என்றிருந்தார். ரகசியம் உடைந்ததும், கண்காணிப்பால் 54 சதித்திட்டங்கள் முறியடிக்கப்பட்டன என்றார்கள். நாடாளுமன்றத்தில் துருவிக் கேட்கக் கேட்க, அழைப்பு விவரத் திட்டத்தின் பங்கு ஒன்றோ இரண்டோ என்று சுருங்கியது. 2014 ஜனவரியில் அரசே அமைத்த சுதந்திரமான மேற்பார்வை வாரியம் ரகசிய ஆவணங்களையும் பார்த்துவிட்டு, எந்தப் பயங்கரவாதத் தடுப்பு விசாரணையிலும் இத்திட்டம் முடிவை மாற்றியதற்குச் சான்றில்லை என்று எழுதியது. பெரிதாகக் காட்டப்பட்ட வழக்கு, சோமாலியாவின் அல்-ஷபாப் அமைப்புக்கு 8,500 டாலர் அனுப்பியது தொடர்பானது. அதிலும்கூட, திட்டம் சட்டத்தை மீறியது என்றும், அதன் பயன் பற்றி அதிகாரிகள் பொதுவெளியில் சொன்னது ரகசியப் பதிவுகளோடு பொருந்தவில்லை என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கூறிவிட்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தகவல் பற்றாக்குறை என்று பலர் நம்புகிறார்கள். விமானத்தைக் கடத்தியவர்களில் இருவரைச் சி.ஐ.ஏ. 2000 ஜனவரியிலேயே அறிந்திருந்தது. அவர்கள் கோலாலம்பூரில் கூடியதையும் கவனித்தது. பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியதோ 2001 ஆகஸ்ட் இறுதியில். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை நடத்திய அண்ணன் தம்பியில் மூத்தவரை, ரஷ்யா எச்சரித்ததன் பேரில் எஃப்.பி.ஐ. 2011லேயே விசாரித்திருந்தது. கையில் இருந்த தகவலை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்காததே இரண்டிலும் பிரச்சினை. வைக்கோல் போரில் ஊசியைத் தேடுபவருக்கு இன்னும் பத்து வண்டி வைக்கோலைக் கொட்டுவது உதவியாகாது.

இனி, 'தவறு செய்யாதவர்' என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். எது தவறு என்பதை யார், எந்த ஆண்டில் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துதான் அந்த வாதம் நிற்கும். நெதர்லாந்து 1930களில் மிக ஒழுங்கான மக்கள் பதிவேட்டை வைத்திருந்தது. பெயர், முகவரி, மதம். சாதாரண நிர்வாகத் தேவைக்காக, மக்கள் நம்பிக் கொடுத்த விவரங்கள். 1940 மே மாதம் நாஜிப் படை நாட்டைப் பிடித்தது. பதிவேடும் சேர்ந்தே கைமாறியது. அங்கிருந்த சுமார் 1.4 லட்சம் யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெங்கும் இல்லை. பதிவேடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் தேடுபவர் கையில் முகவரி தயாராக இருந்தது. 1943 மார்ச்சில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களும் அடங்கிய ஒரு எதிர்ப்புக் குழு காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் நுழைந்து வெடி வைத்தது. நெருக்கமாக அடுக்கியிருந்த அட்டைகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. அந்தக் குழுவினரில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விவரம் கொடுத்தபோது அந்த மக்களில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

படையெடுப்புகூட வேண்டாம், தேர்தல் நடக்கும் நாடே போதும். மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963இல் அனுமதி கொடுத்தவர் அன்றைய அமெரிக்கச் சட்டத்துறைத் தலைவர் (அட்டர்னி ஜெனரல்) ராபர்ட் கென்னடி. அடுத்த ஆண்டு, கிங்கிற்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்திருந்த நேரத்தில், எஃப்.பி.ஐ. ஆட்கள் அவர் தங்கிய ஹோட்டல் அறைகளின் ஒலிப்பதிவையும், தற்கொலை செய்துகொள்ளத் தூண்டும் மொட்டைக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் என்.எஸ்.ஏ. வைத்திருந்த ரகசியக் கண்காணிப்புப் பட்டியலில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி இருந்தார். செனட்டர் ஃபிராங்க் சர்ச்சும் இருந்தார். பின்னாளில், 1975இல், உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இதே சர்ச்தான். தன் பெயரும் அதில் இருந்தது உலகுக்குத் தெரியவந்தபோது அவர் இறந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெரிய தலைவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று தோன்றலாம். பிரிட்டனில் தீவிரக் குற்றங்களுக்காகவும் தேசப் பாதுகாப்புக்காகவும் என்று சொல்லி 2000இல் ஒரு கண்காணிப்புச் சட்டம் வந்தது. பூல் என்ற ஊரின் நகராட்சி 2008இல் அந்த அதிகாரத்தை வைத்து ஒரு குடும்பத்தை மூன்று வாரம் ரகசியமாகப் பின்தொடர்ந்தது. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கக் கொடுத்த முகவரியில் அவர்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று பார்க்க! அது முறையற்றது என்று 2010இல் தீர்ப்பாயம் சொன்னது. சிங்கப்பூரின் 'டிரேஸ்டுகெதர்' விவகாரம் இன்னும் நுட்பமானது. கோவிட் தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள், மக்களும் நம்பிச் சேர்ந்தார்கள். காவல்துறை குற்ற விசாரணைக்கும் அந்தத் தகவலைக் கேட்கலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று பிப்ரவரியில் சட்டம் போட்டார்கள். அந்த அரசு தவறை ஒப்புக்கொண்டு திருத்தியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைப் பாருங்கள், யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. தகவல் இருந்தது, ஏற்கெனவே இருந்த சட்டம் அதை எடுக்க அனுமதித்தது, அவ்வளவுதான். அடுத்த நோய்த்தொற்றின்போது மக்கள் அதே நம்பிக்கையோடு வருவார்களா என்பது வேறு கேள்வி.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்த பிறகு, பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியா கட்டுரைகளைப் படிப்போர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்ததை ஜான் பென்னி என்ற ஆய்வாளர் 2016இல் காட்டினார். அதைப் படிப்பது எங்கும் குற்றமில்லை. யாரும் யாரையும் கைது செய்யவும் இல்லை. யாரோ கவனிக்கக்கூடும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த ஆபத்தை 1983லேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் பேசிவிட்டது. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று அறிய முடியாத மனிதர் தன் நடத்தையைத் தானே சுருக்கிக்கொள்வார், அது அவரை மட்டும் பாதிக்காது, ஜனநாயகத்தையே பாதிக்கும் என்பது அதன் வாதம்.

என்கிரிப்ஷன், அதாவது உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டிவைப்பது, பற்றியும் சொல்லியாக வேண்டும். 'காவல்துறைக்கு மட்டும் திறக்கும் ஒரு பின்வாசல்' என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் எழும். கிரேக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 2004-05இல் வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகங்களில், சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக அமைந்திருந்த வசதியையே யாரோ ரகசியமாக இயக்கிவிட்டார்கள். பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூறுக்கும் மேற்பட்டோரின் கைப்பேசிகள் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டன. 2024இல் அமெரிக்காவில் சீனாவோடு தொடர்புடைய ஊடுருவல்காரர்கள் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி அரசு கண்காணிக்கும் எண்கள் தொடர்பான தகவல்களையும் நகலெடுத்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பே, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் முழுமையாக என்கிரிப்ஷன் செய்த செயலிகளையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவுரை தந்தது. பூட்டை வலுவாகச் செய்வதே பொதுமக்கள் பாதுகாப்புதான். இந்த இடத்தில் 'பாதுகாப்பா, அந்தரங்கமா' என்று பிரித்து வைப்பதே பொருந்தாது.

அப்படியானால் எப்படிக் கண்காணிப்பது? பொத்தானை அழுத்தும் கையும் அனுமதிக்கும் கையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. இந்தியாவில் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உள்துறைச் செயலாளர் நிலையில் இருப்பவரே ஆணை தருகிறார். அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அதிகாரிகளே இருக்கிறார்கள், நீதிபதி கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகச் சொன்ன பிறகும், 2024இல் வந்த புதிய விதிகளிலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. தகவல் பாதுகாப்புச் சட்டத்தை வகுக்க அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியதைப் படித்தால் நிலைமை புரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆணைக்கு எத்தனை நொடி என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் 2016 சட்டத்தில் அமைச்சர் கையெழுத்திட்ட பிறகு ஒரு நீதித்துறை ஆணையரும் ஒப்ப வேண்டும். இது மேல். ஆனால் நீதிபதி இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரகசிய உளவு நீதிமன்றம் 1979 முதல் 2012 வரை 33,000க்கும் மேற்பட்ட மனுக்களைப் பார்த்து, 11ஐ மட்டுமே நிராகரித்தது. பலவீனமான மனுக்களை முன்கூட்டியே திருத்தச் சொல்லிவிடுவார்கள் என்ற பதிலில் உண்மை இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லாத அறையில் எந்த நீதிபதியும் ஒரு பக்கக் கதையைத்தான் கேட்பார் என்பதும் உண்மை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் குற்றவியல் நடைமுறையில் உள்ள ஒரு விதி. விசாரணைக்கு ஆபத்தில்லை என்ற நிலை வந்ததும், கண்காணிக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, என்றாலும் பொது விதி அதுதான். இதனால் அதிகாரியின் கை கட்டப்படுவதில்லை, ஒரு நாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற நினைப்பு மட்டும் உள்ளே இருக்கும். பெரும்பாலான நாடுகளில் உங்கள் தொலைபேசியை ஐந்து வருடம் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டால், அது உங்களுக்குக் கடைசிவரை தெரியவே வராது. தெரியாத ஒன்றை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவீர்கள்?

கடைசியாக, காலாவதித் தேதி. அவசரத்தில் கொடுத்த அதிகாரம் தானாக முடிய வேண்டும், வேண்டுமென்றால் அரசு மீண்டும் வந்து காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க அழைப்பு விவரத் திட்டத்தின் சட்டப்பிரிவுக்கு அப்படியொரு தேதி இருந்ததால்தான், 2015இல் அதைச் சுருக்கி, மொத்தமாக வாங்குவதை நிறுத்த முடிந்தது. சுருங்கிய வடிவிலும் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவானது. எஃப்.பி.ஐ.யிடம் ஏற்கெனவே இல்லாத தகவலை அது தந்தது இரண்டே இரண்டு முறை. அதில் ஒன்று மட்டும் விசாரணை வரை போனது. என்.எஸ்.ஏ. தானாகவே 2019இல் திட்டத்தை நிறுத்திவிட்டது. சட்டப்பிரிவு 2020 மார்ச்சில் காலாவதியானது, அதன் பிறகு புதுப்பிக்கப்படவில்லை.